அட்டையில் ஒரு புகைவண்டி நிலையம்

திண்டுக்கல்லினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த சிறு நிலையம் வடமதுரை. திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் இணைக்கும் இப்பாதை, தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனியாரால் 1875-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. நூறாண்டுகளுக்கு மேல் மீட்டர்ப் பாதையாகவே இருந்து, 1990-களில் அகலப்பாதையாயிற்று. பாதை மாறுங்கால் நிலையமும் மாறுதல் இயல்பு. நடைமேடை உயரும், கைகாட்டி மரம் போய் விளக்குக் கம்பம் வரும், பழைய கட்டடம் இடிபடினும் படும். மீட்டர்ப் பாதைக் காலத்து நிலையங்களைக் கண்ணாற் கண்டு சொல்லவல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்தம் நினைவு மங்குமுன் அவற்றுள் ஒன்றையேனும் சிற்றுருவாகச் சமைத்து வைத்தற்கு, வீட்டிற் கிடக்கும் அட்டையும் பசையுமே போதும். அதன் முறையை இங்கே விளக்கப் புகுகின்றோம்.

இத்தகைய முயற்சிக்கு மேனாட்டில் நல்லதொரு சான்று உண்டு. ராய் இங்லண்ட் என்பார் ஓர் ஆஸ்திரேலியர். பெயரில் மட்டுமே இங்கிலாந்தை உடையவர். 1925-இல் அந்நாடு சென்ற அவர், வைக்கோல் வேய்ந்த பழைய குடில்கள் உருமாறி வருவதைக் கண்டு வருந்தி, ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்னும் அளவில் அவற்றை அட்டையாற் செய்து வைக்கலானார். 1954-இல் அவர் தொடங்கிய பெண்டன் காட்சிசாலையில் அவ்வூர்கள் சிற்றுருவில் இன்றும் நிற்கின்றன.

முதற்கண் அளவைத் துணிதல் வேண்டும். கடைகளில் எச்.ஓ. என்னும் பெயரால் விற்கும் சிறு தண்டவாளத்தின் இடையகலம் 16.5 மில்லிமீட்டர். மேனாட்டில் வழங்கும் 1,435 மில்லிமீட்டர்ப் பாதையை 87-இல் ஒரு பங்காகக் குறுக்கிய அளவு இது. நம் பாதைகளை எண்ணிச் செய்ததன்று. ஆயினும் சிறு கணக்கொன்று நமக்குக் கைகொடுக்கின்றது. நம் அகலப்பாதையின் அகலம் ஐந்தரையடி. ஓரடிக்கு 3 மில்லிமீட்டர் எனக் கொண்டால் சரியாக 16.5 வரும். மீட்டர்ப் பாதையோ மூன்றேகாலடிக்குச் சிறிது மிகுதி. ஓரடிக்கு 5 மில்லிமீட்டர் எனக் கொண்டால் 16.4 வரும். ஆகவே, ஒரே தண்டவாளம் பழைய வடமதுரைக்கும் பொருந்தும், புதிய வடமதுரைக்கும் பொருந்தும். கட்டடத்தின் அளவை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் வண்டிகள் ஐந்து மில்லிமீட்டர் அளவிற் செய்த நிலையத்தின் முன் சிறுத்துத் தோன்றுமென்பது மெய்யே. வண்டியையும் நாமே செய்துகொள்ளல் வேண்டும். அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

பழைய கட்டடம் நிற்குமிடத்தில் நிலைய அதிகாரியின் இசைவு பெற்று நாடாவால் அளக்கலாம். கை எட்டாத உயரத்திற்குச் செங்கல் வரிகளை எண்ணுக. கட்டடம் மறைந்துபோயிருப்பின், பழைய நிழற்படமொன்றைத் தேடி, அதில் வாயிலருகே நிற்கும் மனிதரையே அளவுகோலாகக் கொள்ளலாம். ஐந்தரையடி மனிதர் நம் அளவில் 27.5 மில்லிமீட்டர், ஏழடிக் கதவு 35, பன்னிரண்டடி அறை 60. கட்டத்தாளில் வரைந்து கூட்டிப் பார்த்த பின்னரே கத்தியை எடுத்தல் நலம்.

அட்டைக்கு விலை கொடுக்க வேண்டுவதில்லை. கலியாண அழைப்பிதழ், நோட்டுப்புத்தக மேலட்டை, செருப்புப்பெட்டி ஆகியவை எல்லார் வீட்டிலும் உண்டு. இவற்றுள் அழைப்பிதழ் அட்டையே எமக்கு மிக உகந்தது; அது வழுவழுப்பானது, விளிம்பு பிசிராமல் வெட்டுப்படும். தனியட்டை வளையுமாதலின் மூன்று படிவாக ஒட்டுதல் வேண்டும். நடுப்படிவின் இழையோட்டம் மற்ற இரண்டற்கும் குறுக்காக அமைதல் முக்கியம். ஒட்டியதைப் பெரிய அகராதியின் கீழ் ஓரிரவு அழுத்தி வைக்க. வாயிலையும் சன்னலையும் சுவர்களை நிறுத்துமுன்பே, இரும்பு அடிக்கோலைத் துணைகொண்டு புதிய பிளேடால், ஒரே வெட்டாக அன்றிப் பன்முறை மெல்லக் கீறி எடுத்தல் வேண்டும். உள்ளே குறுக்குச் சுவர்கள் இரண்டு வைத்தால் கட்டடம் கோணாது. வண்ணம் பூசுங்கால் உட்புறமும் பூசுக; ஒருபுறம் மட்டும் ஈரம்பட்ட அட்டை அப்பளம்போல் வளையும்.

கூரையே காண்பார் கண்ணில் முதலிற் படுவது. மங்களூர் ஓட்டிற்குச் சரக்குப்பெட்டியின் நெளியட்டை மிகப் பொருந்தும். (1865-இல் மங்களூரில் பாசல் மிஷனார் தொடங்கிய ஆலையினின்றே அவ்வோடு பரவிற்று.) மேற்றாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் நெளிவு வெளிப்படும். அதை ஓட்டின் ஒரு வரிசை அகலத்திற்கு நாடாக்களாக நறுக்கி, தாழ்வாரத்தினின்று மேல்நோக்கி ஒன்றன்மேல் ஒன்று சிறிது படிய ஒட்டிச் செல்க. காவிப்பொடியைப் பசைநீரிற் குழைத்துப் பூசி, ஆங்காங்கே கரித்தூள் தடவினால் பல மழை கண்ட கூரையாகும்.

தூணிற்குத் தீக்குச்சியும், கம்பியழிக்கு ஈர்க்கும், சன்னற் கண்ணாடிக்குப் பழைய எக்ஸ்ரே படலமும், நடைமேடைத் தரைக்கு உப்புத்தாளும், புழுதிக்குக் காய்ந்த தேயிலைத் தூளும் உதவும். மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டொன்றைத் தொங்கவிட்டுத் தட்டும் வழக்கம் சிறு நிலையங்களில் இருந்தது. ஒரு குண்டூசியை நறுக்கி அதனையும் தொங்கவிடலாம். அதைக் காணும் முதியோர் முகம் மலரக் கேட்டறியாத செய்தி இரண்டொன்று அவர்பால் வெளிப்படும்.

மைதாப் பசையைக் கரப்பானும் இராமபாணமும் விரும்பி உண்ணும். புத்தகம் கட்டுவோர் அதில் மயில்துத்தம் சிறிது சேர்ப்பர். அது நஞ்சாதலின் சிறுவர் கைக்கு எட்டலாகாது. ஃபெவிகாலைக் கொள்வாருக்கு அவ்வச்சம் குறைவு. ஐப்பசி கார்த்திகை ஈரத்திற்கு மட்டும் கண்ணாடிப் பெட்டி வேண்டும்.

வேலை முடிந்தபின் அடிப்பலகையின் கீழே அளவையும் ஆண்டையும் எழுதி, எந்தப் பகுதி நாடாவால் அளந்தது, எது நிழற்படத்தினின்று கணித்தது, எது பிறர் சொல்லக் கேட்டது, எது நம் ஊகம் என்பவற்றையும் தனித்தனியே குறித்து வைத்தல் வேண்டும்.