பூட்டாத "வைபை", வீடு தேடி வந்த போலீசார்!

புது ரூட்டர் வாங்குவோரே, உஷார்!

2008-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி. ஆமதாபாத் நகரில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடம் முன்பு டெலிவிஷன் நிலையங்களுக்கு ஒரு மிரட்டல் இ-மெயில் வந்தது.

அனுப்பியது யார்? போலீசார் துப்புத் துலக்கினார்கள். நவி மும்பை சான்பாடாவில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில் போய் அது முடிந்தது. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். கம்ப்யூட்டர் கைப்பற்றப்பட்டது. துருவித் துருவி விசாரணை நடந்தது.

கடைசியில் தெரிந்தது என்ன? அவர் வீட்டு "வைபை"க்குப் பூட்டே இல்லை! யாரோ ஆசாமிகள் அதில் புகுந்து கைவரிசை காட்டிவிட்டார்கள்.

சேருமா, சேராதா?

நவி மும்பையில் நடந்தது நம் வீட்டில் நடக்காதா?

சென்னை ரிச்சி தெருவுக்கு ரூட்டர் வாங்க வருபவர்களின் குறை ஒன்றுதான். "கம்பெனிக்காரன் மாட்டின பெட்டி உள் ரூமுக்கு எட்டலே சார். வேற வாங்கினா நம்ம கம்ப்யூட்டருக்குச் சேருமா?"

தாராளமாகச் சேரும். கம்ப்யூட்டர் ஒரு கம்பெனி, ரூட்டர் வேறு கம்பெனி என்றாலும் கவலை இல்லை. "வைபை" சாதனங்கள் எல்லாம் 802.11 என்ற ஒரே விதிப்படிதான் பேசிக்கொள்கின்றன. ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதற்குத் தெரியாமல் போகலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்யும்.

பழசைக் கழற்றாதீர்

புதுசு வந்ததும் பழைய பெட்டியைத் தூக்கி எறியக் கூடாது. பைபர் லைனில் வரும் ஒளியை மாற்றிக் கொடுப்பது அதுதான். அதிலிருந்து ஒரு வயரை எடுத்து, புது ரூட்டரில் "இன்டர்நெட்" அல்லது "டபிள்யூ.ஏ.என்." என்று எழுதிய துளையில் செருகினால் போதும்.

ஆனால் பழைய பெட்டியின் "வைபை"யும் ஓடிக்கொண்டே இருக்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அதற்கும் பூட்டுப் போட வேண்டும்.

இரண்டு சாவி

பூட்டு ஒன்று அல்ல, இரண்டு!

முதலாவது, "வைபை"யில் நுழையும் பாஸ்வேர்டு. இதில் "டபிள்யூ.இ.பி." என்ற பழைய முறை உதவாது. 2001-லேயே அதை உடைத்துவிட்டார்கள். "டபிள்யூ.பி.ஏ.-2" அல்லது "டபிள்யூ.பி.ஏ.-3" என்று வைப்பதே நல்லது.

இரண்டாவது, ரூட்டரின் செட்டிங்கைத் திறக்கும் பாஸ்வேர்டு. பல பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே "அட்மின்" என்று போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஊருக்கே தெரிந்த சாவி!

2016-ல் "மிராய்" என்ற கள்ள புரோகிராம் என்ன செய்தது தெரியுமா? இப்படிப்பட்ட 60-க்கு மேற்பட்ட தொழிற்சாலை சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. லட்சக்கணக்கான ரூட்டர்களும் கேமராக்களும் திறந்துகொண்டன. அவற்றைக் கொண்டே அக்டோபர் 21-ந் தேதி தாக்குதல் நடந்தது. அமெரிக்காவில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் ஸ்தம்பித்தன. பெட்டிக்குச் சொந்தக்காரர்களுக்கோ ஒன்றும் தெரியாது!

பத்து நிமிட வேலை

பெட்டி வாங்கிய அன்றே இரண்டு சாவியையும் மாற்றுவது பத்து நிமிட வேலை. கடைக்காரரிடமே கேட்டால் சொல்லித் தருவார். புது பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழதி வைத்துக்கொண்டால் மறக்காது.

"அக்கம்பக்கத்துலே எல்லாரும் நல்லவங்கதானே" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அலை சுவரைத் தாண்டித் தெரு வரை போகிறது. நாளைக்கு ஒரு வம்பு என்றால் போலீசார் வந்து தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்!