முன்வாசலில் ஒரு ரோஜாக் கம்பளம்: குறைந்த வேலையில் தரைபடர் ரோஜா வளர்ப்பது எப்படி?



விளக்கக் கட்டுரை என்றதும் நம் மாணவர்கள் தூய்மைக்கேடு, கைப்பேசி, போதைப்பொருள் என்று பழகிய தலைப்புகளையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இம்முறை மாறுதலுக்கு ஒரு செடியை எடுத்துக்கொள்வோம். அது என்ன, ஏன் தேவை, எப்படிச் செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் காரணத்தோடு பதில் சொல்லிவிட்டால், விளக்கக் கட்டுரை பாதி முடிந்த மாதிரிதான். வாசிக்கும்போது அந்த மூன்று கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்தச் செடி?

இங்கிலாந்தில் வரிசை வீடுகளுக்கு முன்னால் சிறிய தோட்டம் இருப்பது வழக்கம். பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர்கூட இருக்காது. ஆனால், அந்தச் சிறு இடமும் குறைந்துகொண்டே வருகிறது. கார் நிறுத்த இடம் வேண்டும், புல் வெட்ட நேரமில்லை என்று பலர் கல்லோ சிமெண்டோ போட்டு மூடிவிடுகிறார்கள். பிரிட்டனில் ஏறக்குறைய நான்கில் ஒரு முன்தோட்டம் முழுவதும் தளமாகிவிட்டது என்று அந்நாட்டின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2015இல் தெரிவித்தது.

இதில் என்ன கேடு? மண் மழைநீரை உறிஞ்சும், சிமெண்டு உறிஞ்சாது. ஒரு வீட்டு நீர் சாலைக்கு ஓடினால் பெரிய விஷயமில்லை. தெரு முழுக்க எல்லா வீட்டு நீரும் ஒரே நேரத்தில் ஓடினால் வடிகால் தாங்காது. 2007ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்து பெருவெள்ளத்தைச் சந்தித்தது. அடுத்த ஆண்டு, 2008 அக்டோபர் 1 முதல், அங்கே ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு, மழைநீரைச் சாலைக்கு விட்டால், அதற்குத் திட்ட அனுமதி பெற வேண்டும். அந்த நீரைத் தன் வீட்டுப் புல்தரைக்கோ செடிப் பாத்திக்கோ திருப்பிவிட்டால் அனுமதி தேவையில்லை.

ஆக, ஒரு செடிப் பாத்தி வெறும் அழகுக்காக மட்டுமல்ல. ஆனால் "யாருக்குங்க நேரம் இருக்கு?" என்ற கேள்விக்கும் பதில் வேண்டுமல்லவா? அந்தப் பதில்களில் ஒன்றுதான் தரைபடர் ரோஜா.

தரைபடர் ரோஜா என்றால் என்ன?

நாம் அறிந்த ரோஜாச் செடி நிமிர்ந்து நிற்கும். தரைபடர் ரோஜா உயரத்தைவிட அகலமாக வளரும். வகைக்கு ஏற்ப மாறினாலும், பொதுவாக அரை மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். பூக்கள் சிறியவை, ஆனால் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

இந்தப் படரும் குணம் பல வகைகளுக்குக் கிழக்காசியாவிலிருந்து வந்தது. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் காட்டில் வளரும் 'ரோசா விச்சுரானா' என்னும் இனம் தரையோடு ஊர்ந்து செல்லும். தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும். இத்தகைய இனங்களைத் தோட்ட ரோஜாக்களோடு கலந்து ஐரோப்பியர்கள் புதிய வகைகளை உருவாக்கினார்கள். ஜெர்மனியில் வெர்னர் நோவாக் உருவாக்கிய 'ஃபிளவர் கார்ப்பெட்' 1980களின் இறுதியில் வெளிவந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் 'கெண்ட்', 'சரே' என்று மாவட்டப் பெயர்களில் விற்கப்படும் வகைகளும் உண்டு. பெயர்தான் ஆங்கிலேயப் பெயர். கெண்ட் பிறந்தது டென்மார்க்கில், சரே பிறந்தது ஜெர்மனியில்!

பழைய ரோஜாக்களுக்கு அடிக்கடி மருந்து அடிக்க வேண்டும். இலையில் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்ந்துவிடும். இவ்வகைகளை உருவாக்கியவர்கள் பூவின் அழகோடு நோய் தாங்கும் ஆற்றலையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை அவர்கள் முன்கூட்டியே செய்துவிட்டார்கள் என்று சொல்லலாம். எனவே, வேலை குறைய வேண்டுமானால் கடையில் பூவின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் 'நோய் தாங்குமா?' என்று கேட்க வேண்டும்.

இடமும் எண்ணிக்கையும்

ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். பாத்தி நீரை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நீர் தேங்கி நிற்கக் கூடாது. முன்பு ரோஜா வளர்ந்த அதே மண்ணில் புதிய ரோஜா நன்றாக வளராது. அப்படிப்பட்ட இடமாக இருந்தால் மண்ணை மாற்றிவிடுவது நல்லது.

3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் கொண்ட பாத்தியை எடுத்துக்கொள்வோம். பரப்பு 6 சதுர மீட்டர். செடிக்குச் செடி 70 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு செடிகள். மொத்தம் 12 செடிகள் போதும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒரு மீட்டர் அகலம் படரும் செடியை நடைபாதையின் ஓரத்திலேயே நட்டால், பாதி மீட்டர் பாதைக்கு வந்துவிடும். கடிதம் கொண்டு வருபவரின் காலில் முள் கீறும். பாதையிலிருந்து அரை மீட்டராவது தள்ளி நட வேண்டும்.

நடுவது எப்படி?

முதல் வேலை களை எடுப்பது. அதிலும் வேரோடு நிலைத்து நிற்கும் களைகளை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். ஏனென்றால், முள் நிறைந்த தண்டுகள் படர்ந்த பிறகு உள்ளே கையை விட முடியாது. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது இங்கே எடுபடாது.

இங்கிலாந்தில், மண் ஒட்டாத வேரோடு விற்கப்படும் செடிகளை நவம்பர் முதல் மார்ச் வரை நடுவார்கள். அப்போது செடி உறக்கத்தில் இருக்கும். மண்ணை ஆழமாகக் கொத்தி, மக்கிய உரம் கலந்து, வேர் மடங்காத அளவுக்குக் குழி தோண்டி நட வேண்டும். பிறகு நன்றாக நீர் ஊற்றி, மரப்பட்டைத் துண்டுகளையோ மக்கிய இலைகளையோ 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப வேண்டும். தண்டின் அடியை மட்டும் மூடாமல் விடுங்கள். இந்த மூடாக்கு ஈரத்தைக் காக்கும், களை முளைப்பதையும் குறைக்கும்.

ஆண்டுக்கு எத்தனை வேலை?

முதல் கோடையில் நீர் ஊற்ற வேண்டும். இதில் சலுகை கிடையாது. செடி வேர் பிடித்த பிறகு, ஆண்டுக்கு மூன்றே வேலைகள்:

1. குளிர்காலத்தின் இறுதியில் கவாத்து. வேலி வெட்டும் பெரிய கத்தரிக்கோலால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வெட்டிவிடலாம். மற்ற ரோஜாக்களைப் போல ஒவ்வொரு மொட்டாகப் பார்த்து வெட்டத் தேவையில்லை.
2. வசந்தத்தில் உரமும் புதிய மூடாக்கும்.
3. இலையுதிர்காலத்தில் விழுந்த இலைகளை அள்ளுவது. கரும்புள்ளி நோயின் பூஞ்சை அந்த இலைகளில் தங்கி அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும்.

பல வகைகளில் வாடிய பூவைக் கிள்ள வேண்டியதுமில்லை.

ஒரு தவறான எண்ணம்

'தரையை மூடும் செடி என்றால் களையே வராது' என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையில்லை. குளிர்காலத்தில் பெரும்பாலான ரோஜாக்கள் இலையை உதிர்த்துவிடும். வெளிச்சம் மண்ணில் பட்டதும் களை முளைக்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் செடிகளுக்கு இடையே வெற்றிடமும் இருக்கும். காற்றில் பறந்து வரும் பிளாஸ்டிக் பைகளும் முள்ளில் சிக்கிக்கொள்ளும். ஆகவே, 'குறைந்த பராமரிப்பு' வேறு, 'பராமரிப்பே இல்லை' வேறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு நடுபவரே ஏமாறாமல் இருப்பார்.

நம் ஊருக்கு வந்தால்?

நம் தாமான் வீடுகளின் முன்வாசலும் பெரும்பாலும் சிமெண்டுதான்; திடீர் வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. அப்படியானால் இந்த ரோஜாவையே நட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தாலே கரும்புள்ளிப் பூஞ்சை தொற்றிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் மழையும் புழுக்கமும் உள்ள தாழ்நிலப் பகுதியில் அதற்குக் கொண்டாட்டம்தான். கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களே ரோஜாவுக்கு வசதி. தாழ்நிலத்தில் முயல்பவர்கள் நல்ல வெயிலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், ஓரிரு செடிகளோடு தொடங்கலாம். காலையில் இலை நனையாமல் வேரடியில் நீர் ஊற்ற வேண்டும். நமக்குக் குளிர்காலம் இல்லாததால், ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் இலேசாகக் கத்தரித்தால் போதும்.

ரோஜாதான் வேண்டும் என்றில்லாதவர்களுக்கு மஞ்சள் பூப் பூக்கும் காட்டு வேர்க்கடலை, வெயிலில் விரியும் பத்துமணிப் பூ ஆகியவை எளிது. எதுவானாலும் தரையிலேயே நடுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பது நாம் அறிந்ததே.

செடியின் பெயர் நாட்டுக்கு நாடு மாறலாம். நீர் இறங்க ஒரு துண்டு மண்ணை விட்டுவைப்பதும், நம்மால் தர முடிந்த நேரத்துக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுப்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

சொல் விளக்கம்

கவாத்து – செடியின் கிளைகளை அளவாக வெட்டிவிடுதல்
மூடாக்கு – மண்ணின் மேல் பரப்பப்படும் தழை, மரப்பட்டை போன்ற போர்வை
பூஞ்சை – ஈரத்தில் வளர்ந்து நோய் உண்டாக்கும் நுண்ணுயிர் வகை
தாழ்நிலம் – மலையில்லாத, கடல்மட்டத்துக்கு அருகிலுள்ள நிலம்

பயிற்சி வினாக்கள்

1. முன்தோட்டத்தைச் சிமெண்டு போட்டு மூடுவதால் வெள்ளம் எவ்வாறு ஏற்படுகிறது?
2. நடுவதற்கு முன்பே களை எடுக்க வேண்டும் என்பதற்குக் கட்டுரை தரும் காரணம் யாது?
3. 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் கொண்ட பாத்திக்கு 70 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏறக்குறைய எத்தனை செடிகள் தேவை?
4. 'குறைந்த பராமரிப்பு' என்று விற்கப்படும் வேறொரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதற்கு உண்மையில் தேவைப்படும் பராமரிப்பை 150 சொற்களில் விளக்குக.

ஆசிரியர்கள் கவனத்திற்கு: 'ஏனென்றால்', 'ஆகவே', 'ஆனால்' போன்ற இணைப்புச் சொற்களை மாணவர்கள் அடிக்கோடிட்டு, அவை எந்தக் காரணத்தை எந்த விளைவோடு இணைக்கின்றன என்று வாய்மொழியாகச் சொல்லச் செய்யலாம். வகுப்பில் பதினைந்து நிமிடம் போதும்.