அரசு லேப்டாப் ஆன் ஆக அஞ்சு நிமிஷமா? தூக்கிப் போடும் முன் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்க!

2011 செப்டம்பர் 15-ம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டில் அதை வாங்கிய பிளஸ் டூ மாணவர்கள் இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். லேப்டாப்புக்கும் வயசாகிவிட்டது. பவர் பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

'இது அவ்வளவுதான்' என்று பரணில் போடும் முன் ஒரு நிமிஷம். பெரும்பாலும் தேய்ந்துபோனது லேப்டாப் அல்ல, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க். அதை மாற்றிவிடலாம். ஆனால், வரிசை முக்கியம்: முதலில் ஃபைல்கள், அப்புறம்தான் வேகம்.

ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

பழைய லேப்டாப்களின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு சுமார் 11 மில்லி விநாடி. படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை இப்படித்தான் தேடுகிறது. எஸ்.எஸ்.டி-யில் சுற்றும் பாகமே கிடையாது. அதனால் அது பல மடங்கு வேகமாகத் தேடி எடுக்கும்.

வயதான டிஸ்க்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில இடங்கள் பழுதானால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். திரை உறைந்து நிற்பதற்கு இதுவும் காரணம்.

மலை ஊர்களில் கூடுதல் கவனம் தேவையா?

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர். சாதாரண ஹார்ட் டிஸ்க் சுமார் 3,000 மீட்டர் வரை இயங்கும். ஆக, உயரம் பிரச்னை இல்லை.

பிரச்னை பயணத்தில் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து செம்மேடு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். தட்டுக்கும் முனைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். சுற்றும்போது குலுங்கினால் உரசிவிடலாம். மூடிவைத்த லேப்டாப் 'ஸ்லீப்'பில் இருந்து விழித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதனால் பைக்கில் எடுத்துப் போகும் முன் முழுசாக ஷட்டவுன் செய்யுங்கள். பேட்டரி செத்த லேப்டாப்பை நேரடி கரன்ட்டில் ஓட்டினால், ஒவ்வொரு மின்வெட்டும் டிஸ்க்குக்கு ஓர் அடிதான்.

கடைக்குப் போகும் முன்...

'டக் டக்' என்று சத்தம் கேட்டாலோ, ஃபைல்கள் திடீரென மாயமானாலோ டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சோதித்துப் பார்க்கிறேன் என்று ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் ஸ்கேன், குடும்பப் படங்கள் என முக்கியமானவற்றை முதலில் பென் டிரைவில் எடுங்கள். சத்தம் அதிகமாகி, ஃபைல்களும் திறக்கவில்லை என்றால் ஆஃப் செய்துவிட்டு டேட்டா மீட்பவரிடம் கொடுப்பதே நல்லது.

எதை வாங்குவது?

பழைய லேப்டாப்களுக்குப் பெரும்பாலும் 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி பொருந்தும். சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 வகையை வாங்கிவிட்டால் வீண். மாடல் எண்ணைக் கடையில் காட்டி உறுதிசெய்யுங்கள். சாதாரணப் பயன்பாட்டுக்கு 240 அல்லது 256 ஜிபி போதும்.

குளோனா, புதுசா?

பழைய டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால், சாட்டா-யு.எஸ்.பி கேபிளில் எஸ்.எஸ்.டி-யை இணைத்து அப்படியே நகலெடுக்கலாம். இதுதான் குளோன். எது பழசு, எது புதுசு என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு அழுத்துங்கள். மாற்றி அழுத்தினால் காலி டிஸ்க் உங்கள் ஃபைல்கள் மேல் ஏறிவிடும். இத்திட்டத்தின் லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. எனவே 'சி' டிரைவை மட்டும் நகலெடுத்தால் பூட் ஆகாமல் போகலாம். முழு டிஸ்க்கையும் எடுங்கள்.

டிஸ்க் ஏற்கெனவே தடுமாறுகிறது என்றால் குளோன் வேண்டாம். ஃபைல்களை மட்டும் காப்பாற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி-யில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. எஸ்.எஸ்.டி போட்டாலும் இந்தப் பழைய லேப்டாப்கள் விண்டோஸ் 11-க்கான தகுதியைப் பெறாது. பிரவுசிங், ஆன்லைன் விண்ணப்பம், டைப்பிங் போன்ற வேலைகளுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் தாராளமாகப் போதும்.

மாற்றிய பிறகு...

கழற்றும் முன் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். மாற்றியதும் பூட் ஆகவில்லை என்றால் பயாஸில் பூட் வரிசையில் புது டிஸ்க் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்கவோ, கடையில் விட்டுவரவோ வேண்டாம். ஒரு மாதமாவது பத்திரமாக வைத்திருங்கள். விட்டுப்போன ஃபைல் ஏதாவது அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

கடைசியாக ஒன்று. ஹார்ட் டிஸ்க்காவது போகும் முன் சத்தம் போடும். எஸ்.எஸ்.டி பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகும். அதனால் முக்கியமான ஃபைல்களுக்கு இன்னொரு நகல் எப்போதும் வேறு இடத்தில் இருக்கட்டும்.