நடத்தைவாதம்

நடத்தைவாதம் உளவியலின் ஒரு சிந்தனைப் பிரிவு. வெளிப்படையாகத் தெரியும், அளக்கக்கூடிய நடத்தையையே உளவியல் ஆராய வேண்டும் என்பது இதன் அடிப்படை. நடத்தையில் பெரும்பகுதி சூழலிலிருந்து கற்றது. ஆகவே அதை மாற்றவும் முடியும் என்று இது கருதுகிறது.

வரலாறு

ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு பெற்றார். உணவு வாயில் படுவதற்கு முன்பே, அது வரப்போகும் அறிகுறிக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதை அவர் விரிவாக ஆராய்ந்தார். அமெரிக்கர் எட்வர்டு தார்ண்டைக் 1898-இல் பூனைகளைக் கொண்டு முயன்று தவறிக் கற்றலை விளக்கினார். 1913-இல் ஜான் பி. வாட்சன் எழுதிய கட்டுரை நடத்தைவாதத்தை ஒரு தனிப் பிரிவாக நிறுவியது. பி. எப். ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூல் அதை மேலும் வளர்த்தது.

முதன்மைக் கருத்துகள்

- பழைய ஆக்கநிலையுறுத்தம்: இயல்பான தூண்டலுடன் சேர்ந்தே வரும் வேறொரு தூண்டல், பின்னர் தனியாக வந்தாலும் அதே துலங்கலைத் தருதல்.
- செயல்படு ஆக்கநிலையுறுத்தம்: ஒரு செயலின் விளைவே அச்செயல் மீண்டும் நிகழுமா என்பதைத் தீர்மானித்தல்.
- நேர் வலுவூட்டல்: விரும்பியது கிடைப்பதால் செயல் கூடுதல்.
- எதிர் வலுவூட்டல்: துன்பம் நீங்குவதால் செயல் கூடுதல். இதைத் தண்டனை என்று மாணவர்கள் பலர் தவறாகக் கொள்கின்றனர். தண்டனை செயலைக் குறைக்கும். எதிர் வலுவூட்டல் செயலைக் கூட்டும்.
- அழிதல்: வலுவூட்டல் நின்றால் கற்ற துலங்கல் படிப்படியாகக் குறைதல்.

மதுப்பழக்கம்: ஓர் எடுத்துக்காட்டு

இக்கருத்துகள் அனைத்தையும் மதுப்பழக்கத்தில் காணலாம். சாராயக் கடைகள் உரிமத்துடன் இயங்கும் புதுச்சேரியில் இது நன்கு அறிந்த சிக்கல். குடித்ததும் வரும் மயக்க இன்பம் நேர் வலுவூட்டல். நாள்பட்ட குடியால் காலையில் வரும் கை நடுக்கம் மீண்டும் குடித்ததும் நிற்பது எதிர் வலுவூட்டல். கடை இருக்கும் தெருவும் பழகிய நண்பர் கூட்டமும் ஆசையைத் தூண்டுவது பழைய ஆக்கநிலையுறுத்தம். குடியை நிறுத்திப் பல மாதங்கள் ஆனவரும் அத்தெருவில் நடக்கும்போது தடுமாறுவதற்கு இதுவே ஒரு காரணம். அதை மனஉறுதிக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

எனவே கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளின் மனநலத் துறைகளில் மருந்துடன் நடத்தைச் சிகிச்சைக்கும் இடம் உண்டு. ஆசையைத் தூண்டும் இடங்களையும் வேளைகளையும் நோயாளியே கண்டறிதல், அவ்வேளைகளுக்கு மாற்றுச் செயலைப் பழகுதல், குடிக்காத நாள்களைக் குடும்பத்தினர் பாராட்டுதல் ஆகியவை இதில் அடங்கும். கடுமையாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவரின் மேற்பார்வை தேவை.

விமர்சனம்

1920-இல் வாட்சனும் ரோசலி ரெய்னரும் 'ஆல்பர்ட்' என்ற குழந்தைக்கு வெள்ளெலியிடம் அச்சத்தை ஏற்படுத்தினர். அந்த அச்சத்தைப் போக்காமலே விட்டனர். இச்சோதனை இன்றும் கண்டிக்கப்படுகிறது. மாறாக, மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அச்சத்தைப் போக்கினார்.

மொழியை வலுவூட்டலால் மட்டும் விளக்க முடியாது என்று நோம் சாம்ஸ்கி 1959-இல் வாதிட்டார். பின்னர் சிந்தனைக்கும் இடம் தந்து அறிவுசார் நடத்தைச் சிகிச்சை உருவானது. எனினும், கற்ற அச்சத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றலாம் என்ற நடத்தைவாதத்தின் கருத்து அதிலும் தொடர்கிறது.