வென்ட் இல்லாத கூரையில் தண்ணீர் எங்கிருந்து வருது?

கூரைப் பலகை ஊறிப்போயிருந்தா, மழை ஒழுகுதுன்னுதான் முதல்ல நினைப்போம். அமெரிக்காவில் சரிவுக் கூரை வீடுகளில் ஒரு சொட்டு மழை இறங்காமலேயே பலகை மக்கிப்போவது உண்டு.

வழக்கமாக அங்கே பலகைக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவே இடைவெளி விட்டு, ஓரத்திலிருந்து முகடு வரை வெளிக்காற்றை ஓட விடுவார்கள். ஈரம் அதோடு போய்விடும். வென்ட் இல்லாத கூரையில் அந்த வழி கிடையாது. இன்சுலேஷன் பலகையை ஒட்டியே இருக்கும்.

சின்னதா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வீட்டுக்குள் 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், அந்தக் காற்று 6 டிகிரிக்குக் குளிர்ந்ததும் நீர் படியத் தொடங்கும். மினியாபோலிஸில் ஜனவரி சராசரி சுமார் மைனஸ் 9. பலகைக்குக் கீழே வெறும் கிளாஸ் வூல் அடைத்தால் பலகையும் கிட்டத்தட்ட அதே குளிரில் நிற்கும். கிளாஸ் வூல் வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. அறைக்காற்று கசிந்து மேலே போய்ப் பலகையில் உறைபனியாகப் படியும். வெயில் வந்ததும் உருகி ஊறும்.

"இன்னும் தடிமனா வெச்சா சரியாகிடாதா?" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆகாது. உள்பக்கம் தடிமன் கூடக் கூட பலகை இன்னும் குளிரும். வெளிப்பக்கமாகக் காற்று புகாத ஃபோம் இருக்கணும். அதன் உள்முகம் 6 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. என் கணக்கில் அதற்கு மொத்த இன்சுலேஷனில் பாதிக்குச் சற்று மேல் ஃபோமாக இருக்க வேண்டும். வெப்பத்தைத் தடுக்கும் திறனை அங்கே ஆர் என்ற எண்ணால் அளக்கிறார்கள். ஆர்-49 கூரையில் ஆர்-25 ஃபோம் என்று அந்த மண்டலத்துக்குக் கட்டட விதி கேட்பதும் ஏறக்குறைய இதே விகிதம்தான்.

ஹூஸ்டனுக்கு விதி கேட்பது வெறும் ஆர்-5. அங்கே ஜனவரி சராசரியே 12 டிகிரியை ஒட்டி இருக்கும். அப்போ பிரச்சினை இல்லையா? இருக்கு, ஆனா வேற மாதிரி. நீராவி காற்றை விட லேசானது. பரணில் உள்ள ஈரம் முகட்டுக்குப் போய்ச் சேரும். இரவில் கூரை வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிரும்போது பலகை அதை உறிஞ்சும், பகல் வெயிலில் திருப்பி விடும். நீராவியைத் தடுக்காத ஃபோம் அடித்த கூரைகளில் முகட்டுப் பலகை மக்குவது இதனால்தான். பரணுக்குள்ளும் கொஞ்சம் ஏசி காற்றை விட்டால் ஈரம் அடங்கும்.

ஆக, மினியாபோலிஸுக்கு ஃபோமின் பங்கு, ஹூஸ்டனுக்குப் பரண் காற்றின் ஈரம். ஒரு ஊர்க் கூரையின் வரைபடத்தை அப்படியே இன்னொரு ஊருக்கு எடுத்துப் போனால், சீலிங்கைப் பிரிக்கும் நாள்வரை தப்பு கண்ணில் படாது.