சி-ஸ்வீட்: பெரிய பதவியா, பெரிய பொறுப்பா?

"சி-சூட்" என்று நம்மில் பலர் படிப்போம், உச்சரிப்பு "சி-ஸ்வீட்". கோட்டு சூட்டு இல்லை, ஹோட்டலில் சொல்கிற அறைத்தொகுதி. "சி" என்றால் சீஃப். சிஇஓ, சிஎஃப்ஓ, சிடிஓ என "சீஃப்" போட்ட மேலதிகாரிகள் மொத்தப் பேருக்கும் இந்த ஒரே சொல்தான்.

சீஃப் என்றாலே எல்லாருக்கும் மேலே என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணூருக்கு வரும் கப்பலில் சீஃப் ஆபீசருக்கு மேலே கேப்டன் இருக்கிறார். எண்ணூர் துறைமுகமே 1999இல் கம்பெனியாகப் பதிவானது; அங்கே நிர்வாக இயக்குநர். டிரஸ்டாக இருந்து இப்போது ஆணையமாகிவிட்ட சென்னைத் துறைமுகத்திலோ சேர்மன். அமைப்பு எந்தச் சட்டத்தில் வருதோ, அதை வைத்துத்தான் பதவிப் பெயர்.

சட்டம் என்ன சொல்லுது? 2013 கம்பெனிகள் சட்டம் முக்கிய நிர்வாகிகள் பட்டியலில் சிஇஓ, சிஎஃப்ஓ இருவரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கூடவே நிர்வாக இயக்குநர், மேலாளர், முழுநேர இயக்குநர், கம்பெனி செக்ரட்டரி. சிடிஓ பெயர் அதில் கிடையாது; இயக்குநர் குழு தனியாக அறிவித்தால்தான் உண்டு.

அதனால் விசிட்டிங் கார்டைப் பார்த்து அசந்துவிடாதீர்கள். கம்பெனியின் ஆண்டுக் கணக்கை எடுத்து, கீழே யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.