முதல் துப்பாக்கியை வாங்குமுன்...

நான் ரைபிள் ரேஞ்சில் பிறந்து வளர்ந்தவள். பினாங்கு அன்பர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளிமாநில நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஜோர்ஜ்டவுனில் ஆயர் ஈத்தாம் போகும் வழியில் இருக்கும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. மலாயில் பாடாங் தெம்பாக் என்பார்கள். இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றுதான், துப்பாக்கி சுடும் திடல். பிரிட்டிஷ்காரர் காலத்தில் அங்கே உண்மையாகவே சுடும் திடல் இருந்தது. 1960களின் இறுதியில் அடுக்குமாடிகள் எழத் தொடங்கின. திடல் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பெயரைத் தினமும் முகவரியில் எழுதிய நான், பல்கலைக்கழகத்துக்கு வரும்வரை ஒரு துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

ஆசையை மூட்டியவர் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த தமிழ்ப்பெண். 2019-ஆம் ஆண்டு ரியோ உலகக் கிண்ணப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் பத்தாவதாக வந்தார். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்றில் இடம் என்பதால் வாய்ப்பு நூலிழையில் நழுவியது. அதைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம். நம் பெயரைப் போன்ற பெயர் கொண்ட ஒரு பெண், அசையாமல் ஒரு சிலையைப்போல் நிற்கிறாளே! நாமும் முயன்றால் என்ன?

நூலிழையில் தப்பினேன்

ஆசை வந்தால் அறிவு கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளும் அல்லவா? கல்விக் கடன் அப்போதுதான் கணக்கில் ஏறியிருந்தது. கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம்: காற்றுத் துப்பாக்கி, 600 ரிங்கிட், வீட்டுக்கே வரும். "காற்றுத் துப்பாக்கிதானே, அதுக்கு லைசன்ஸ் எல்லாம் வேண்டாம்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரும் சொன்னார். முன்பணம் அனுப்ப விரல் பொத்தான்மேல் போய்விட்டது.

அனுப்புமுன் ஒருவரைக் கேட்கலாம் என்று தோன்றியது என் நல்ல காலம். அப்பாவுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற இராணுவ வீரர் ஒருவர், துப்பாக்கி சுடும் மன்றம் ஒன்றில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்தார். நாங்கள் அவரை அங்கிள் என்றுதான் அழைப்போம். விளம்பரத்தைக் காட்டினேன். அவர் விலையைப் பார்க்கவே இல்லை.

"ஏம்மா, படிக்க வந்தியா, இல்ல ஜெயிலுக்குப் போக வந்தியா?" என்றார்.

நண்பர்களே, இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே காற்றுத் துப்பாக்கியும் அடங்கும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். போலித் துப்பாக்கிகளுக்கும் அச்சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. "விளையாட்டுக்காக வாங்கினேன்", "தெரியாமல் வாங்கினேன்" என்பவை அங்கே எடுபடா. உரிமம் தரும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் இருக்கிறது, விற்பவரிடம் இல்லை.

ஒரு 600 ரிங்கிட் பொருளுக்காகப் பட்டம், வேலை, அம்மா அப்பாவின் நிம்மதி எல்லாவற்றையும் பணயம் வைக்க இருந்தேன். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து என்னைப் படிக்கவைப்பவர். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"முதல்ல மன்றத்துத் துப்பாக்கியைப் பிடி. மூணு மாசம் போகட்டும். அப்புறம் எது வேணும்னு நீயே சொல்லுவ" என்றார் அங்கிள். அந்த மூன்று மாதத்தில் கற்றவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எந்தக் கண் எஜமான்?

நான் வலக்கைக்காரி. ஆகவே வலக்கைத் துப்பாக்கிதான் எனக்கு என்று நினைத்தேன். அங்கிள் ஒரு சிறு சோதனை வைத்தார். நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சிறு முக்கோண இடைவெளி விடுங்கள். இரு கண்களையும் திறந்தபடி, தூரத்தில் உள்ள கடிகாரத்தை அந்த இடைவெளியில் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் இடைவெளியிலேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் ஆதிக்கக் கண்.

எனக்கு இடக்கண்! வலத்தோளில் துப்பாக்கியை வைத்தால் இடக்கண் குறுக்கே வந்து தொல்லை கொடுக்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. குறி பார்க்காத கண்ணுக்குமுன் சிறு மறைப்பு வைத்துக்கொள்ளலாம். அல்லது இடத்தோளுக்கு மாறிவிடலாம். இரண்டையும் மாறி மாறிச் செய்து பார்த்து, கடைசியில் இடத்தோளுக்கு மாறினேன். விளம்பரத்தில் இருந்ததோ வலக்கைத் துப்பாக்கி. வாங்கியிருந்தால் சட்டத்தையும் மீறியிருப்பேன், தவறான துப்பாக்கியையும் வாங்கியிருப்பேன்.

உடலுக்கு ஏற்ற அளவு

சட்டை வாங்கும்போது அளவு பார்க்கிறோம்; துப்பாக்கிக்கும் அப்படித்தான். தோளில் படும் தட்டுக்கும் விசைக்கும் உள்ள தூரம் முக்கியம். தோராயமாக அறிய, தட்டை முழங்கையின் உள்மடிப்பில் வைத்து முன்கையைத் துப்பாக்கியோடு நீட்டிப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைச் சுலபமாகத் தொட வேண்டும். எட்டாவிட்டால் நீளம் அதிகம். தாண்டிப் போனால் குறைவு.

அடுத்தது கன்னத் தாங்கி. துப்பாக்கிதான் முகத்தைத் தேடி வரவேண்டும். முகம் துப்பாக்கியைத் தேடிக் குனியக்கூடாது. கழுத்தை வளைத்தால் புருவத்தின் வழியே பார்க்க நேரும், பத்து நிமிடத்தில் கண் களைத்துவிடும். ஆகவே தோள் தட்டையும் கன்னத் தாங்கியையும் ஏற்றி இறக்க வசதியுள்ள துப்பாக்கியே புதியவருக்கு ஏற்றது.

எடை விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். ஒலிம்பிக் விதிப்படி 10 மீட்டர் துப்பாக்கி 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. கனமான துப்பாக்கி குறைவாக ஆடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மன்றத்தில் இருந்ததிலேயே கனமானதை எடுத்தேன். இரண்டு வாரத்தில் இடுப்பு வலி! 5.5 என்பது உச்சவரம்பு; நாம் எட்டவேண்டிய இலக்கு அன்று. துப்பாக்கியைத் தாங்கும் கையின் முழங்கை இடுப்பெலும்பின்மேல் ஊன்றி, எலும்புகளே பாரத்தைத் தாங்க வேண்டும். தசைகள் தாங்கினால் சீக்கிரம் நடுங்கும். அந்த நிலை பழகும்வரை நாலு கிலோ அளவிலான துப்பாக்கியே போதும்.

உடல் மாறினால் நிலையும் மாறும். நம் நாட்டின் நூர் சுர்யானி முகமட் தாய்பி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டார். வளர்ந்துகொண்டே இருந்த வயிற்றோடு சமநிலையை அவர் புதிதாகக் கண்டிருக்க வேண்டும். அவருக்கு 34-ஆவது இடம் கிடைத்தது. இடுப்பு வலிக்கே அழுத எனக்கு அவரைப் பற்றி அங்கிள் சொன்னபோது வெட்கமாகப் போய்விட்டது.

காற்று எங்கிருந்து வருகிறது?

காற்றுத் துப்பாக்கிகளில் மூன்று வகைகளை நீங்கள் சந்திக்கலாம்.

முதல் வகை, விற்சுருள் கொண்டது. மலிவானவை பெரும்பாலும் இவையே. சுருள் விடுபடும்போது உள்ளே உந்துதண்டு பாய்கிறது; அந்த அதிர்ச்சியில், குண்டு குழலைவிட்டு வெளியேறுமுன்பே துப்பாக்கி அசைந்துவிடும். ஃபைன்வெர்க்பாவ் 300 போன்ற பழைய ஜெர்மானியப் போட்டித் துப்பாக்கிகளில், அதிர்வை உள்வாங்க இயங்கு பகுதி பின்னோக்கி வழுக்கும் அமைப்பு உண்டு. சாதாரணத் துப்பாக்கிகளில் அது கிடையாது.

இரண்டாம் வகையில் ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அழுத்த வேண்டும். அதிர்வு மிகக் குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் கை வலிக்கும். மன்றத்தில் எனக்குக் கிடைத்த ஒரே இடக்கைத் துப்பாக்கி இந்த வகைதான். இப்போதும் அதில்தான் சுடுகிறேன்.

மூன்றாம் வகையில் அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய உருளை இருக்கும். இன்றைய ஒலிம்பிக் வீரர்கள் பயன்படுத்துவது இதைத்தான். புதிதாக வாங்கினால் பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டுவதுண்டு. உருளையை மீண்டும் நிரப்பவும் வசதி வேண்டும். பழையதை வாங்க நினைப்பவர்கள் முதலில் உருளையின்மேல் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த காலம் முடிந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். சுமார் 200 பார் அழுத்தம் விளையாட்டுக் காரியமன்று.

கால் மில்லிமீட்டர் கணக்கு

தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்தினால் சுலபமாயிற்றே என்று கேட்பீர்கள். 10 மீட்டர் போட்டியில் அதற்கு அனுமதி இல்லை. கண்ணருகே ஒரு சிறு துளை, குழலின் நுனியில் ஒரு வளையம், அவ்வளவுதான். வளையத்தின் நடுவே 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் சமமாக அமர வேண்டும்.

அட்டையின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே. குண்டோ 4.5 மில்லிமீட்டர். காகித அட்டையில் குண்டின் ஓரம் புள்ளியைத் தொட்டாலே 10 கிடைக்கும். அதாவது நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டர்வரை விலகலாம். துப்பாக்கி ஒரு மீட்டர் நீளம் என்று கொண்டால், அதன் நுனி கால் மில்லிமீட்டர் அசைந்தாலே அந்த 2.5 தீர்ந்துவிடும்! போட்டியில் இப்படி 60 குண்டுகளை 75 நிமிடத்தில் சுட வேண்டும். பெண்களுக்கு முன்பு 40 குண்டுகளே இருந்தன. 2018 முதல் இரு பாலருக்கும் 60.

இந்தக் கணக்கு புரிந்தபின் விலையைவிட விசையின்மேல்தான் என் கவனம் போனது. விசை வெடுக்கென்று விடுபட்டால் நல்ல நிலையும் வீண். முதலில் இலேசாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்று, பிறகு சிறு அழுத்தத்தில் விடுபடும் இரண்டு கட்ட விசையைத் தேர்ந்தெடுங்கள். குண்டு தட்டையான முனை உடையதாக இருக்கட்டும். அது அட்டையில் வட்டமாகத் துளையிடும். ஈயக் குண்டானால் சுட்டு முடித்ததும் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

நிறைவாக...

மூன்று மாதம் என்று தொடங்கியது இப்போது ஓராண்டைத் தாண்டிவிட்டது. நான் இன்னும் சொந்தத் துப்பாக்கி வாங்கவில்லை. ஆனால் எனக்கு எது வேண்டும் என்று தெரியும்: இடக்கைக்கு ஏற்றது, நாலு கிலோ அளவு, தட்டும் தாங்கியும் நகரக்கூடியது. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாள் வரும்போது மன்றத்தின் வழிகாட்டுதலோடு, முறையாகக் காவல்துறையிடம்தான் போவேன்.

சட்டம் என்னைக் காக்கவைத்தபோது தடை என்று நினைத்தேன். உண்மையில் அந்தக் காத்திருப்பில்தான் என் கண்ணையும் தோளையும் இடுப்பையும் அறிந்துகொண்டேன். ஆகவே, இந்த விளையாட்டில் ஆர்வமுள்ள தம்பி தங்கைகளே, கடையைத் தேடுமுன் மன்றத்தைத் தேடுங்கள். உங்கள் முதல் துப்பாக்கி இரவல் துப்பாக்கியாகவே இருக்கட்டும்.

போன மாதம் அம்மாவை மன்றத்துக்கு அழைத்துப் போனேன். பின்னால் அமர்ந்து கடைசிக் குண்டுவரை பார்த்தார். வீடு திரும்பும்போது, "ரைபிள் ரேஞ்ச்னு சும்மாவா பேரு வச்சான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று அதைவிடப் பெரிய பதக்கம் தேவைப்படவில்லை.